பழைய கம்ப்யூட்டரில் வீட்டுப் பாட்டுப் பதிவு: கையில் இருப்பதை வைத்தே நன்றாகச் செய்வது எப்படி

பத்துப் பன்னிரண்டு வருஷத்து லேப்டாப்பை, "இதில் பாட்டெல்லாம் பதிவு பண்ண முடியாது" என்று பரணில் ஏற்றிவைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் எழுதினால் (24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்), ஒரு மைக்கிலிருந்து வரும் ஒலி நொடிக்கு 1,44,000 பைட். நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்பி. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்பூரா என்று நான்கு டிராக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு 0.6 எம்பியைத் தொடாது. மந்தமான பழைய ஹார்ட் டிஸ்க்கூட அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் எழுதும். ஒலியைப் பதிவது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. கோர் 2 டியோ காலத்துப் பெட்டி தாராளமாகச் செய்யும்.

பதிவைக் கெடுப்பவை வேறு. வீட்டு மின்சாரம், எதிரொலிக்கும் அறை, தவறான இடத்தில் வைத்த மைக், கண்மூடித்தனமாக ஏற்றிய லெவல். இவற்றைச் சரிசெய்யாமல் புது லேப்டாப் வாங்கினால் அதே இரைச்சல் புது லேப்டாப்பில் பதிவாகும். ஆகவே செலவு செய்யப் பணம் இருந்தால் முதலில் மைக்குக்கும் அறைக்கும், கடைசியில்தான் கம்ப்யூட்டருக்கு.

பெட்டியைத் தயார் செய்வது

பழைய லேப்டாப்பின் முதல் எதிரி சூடு. உள்ளே தூசி அடைத்தால் விசிறி ஓயாமல் முழு வேகத்தில் சுற்றும், அந்தச் சத்தம் மைக்கில் விழும். அதையும் மீறிச் சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பதிவில் 'டப் டப்' என்று வெட்டு விழும். அடிமூடியைக் கழற்றி, விசிறி இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் காற்றடியுங்கள். இறக்கையைச் சுற்றவிட்டு அடித்தால் பேரிங் போய்விடும், பிறகு விசிறியே கரகரக்கும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு தெர்மல் பேஸ்ட்டை நடுவில் வைத்தால் போதும். அதிகம் வைப்பதால் குளிர்ச்சி கூடிவிடாது.

ராம் 4 ஜிபி இருந்தால் பதிவுக்குப் போதும், 8 ஜிபி இருந்தால் டிராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்கிலும் தடுமாறாது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் டிடிஆர்3 ராம் இன்னும் பழசாகக் கிடைக்கிறது. போகும்போது உங்கள் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்றிருந்தால் அது 1.35 வோல்ட்டிலும் ஓடும். வெறும் 'பிசி3' என்றிருந்தால் 1.5 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் ராம்தான் வேண்டும். மற்றதைப் போட்டால் திரையே வராமல் போகலாம். லேப்டாப்பையும் எடுத்துப்போய்க் கடையிலேயே போட்டு ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்துக்காக அல்ல, சத்தமில்லாமல் இருப்பதற்காக. பழைய டிஸ்க்கின் 'கிர்ர்' என்ற முனகல் மேசை வழியாக மைக் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும். பழைய மதர்போர்டின் சாட்டா வேகம் குறைவாக இருந்தாலும் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதியும் பயாஸ் அமைப்புகளும் கலைந்துவிடும்.

விண்டோஸா லினக்ஸா

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பதிவுக்கு மட்டுமே அந்தப் பெட்டி என்று ஒதுக்கி, இன்டர்நெட் இணைப்பையே எடுத்துவிட்டால் விண்டோஸ் 10இலேயே தொடரலாம். பெட்டி மற்ற வேலைக்கும் வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். பதிவுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். பல டிராக் வைத்து வேலை செய்ய ஆர்டர் (Ardour) அல்லது ரீப்பர் என்ற மென்பொருள்கள். ரீப்பர் இவற்றிலேயே குறைந்த இடமும் குறைந்த ராமும் கேட்பது, பழைய பெட்டிக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான்.

விண்டோஸில் செய்யவேண்டியவை சில உண்டு. பவர் ஆப்ஷனில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்'. அதன் உள்ளமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி பெட்டியான இன்டர்ஃபேஸ் பாதிப் பாட்டில் தூங்கிவிடும். சவுண்ட் அமைப்பில் 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எக்கோ கேன்சலேஷன், நாய்ஸ் சப்ரஷன் போன்றவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீளமாக நிற்கும் கார்வையையும் தம்பூராவையும் அவை பின்னணி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். பாடகர் மேல் சட்ஜத்தில் நின்றதும் குரல் மெல்ல மங்கிப்போகிறதே என்று தொண்டையைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

பதிவின்போது வெட்டு விழுந்தால் லேட்டன்சிமான் என்ற இலவச நிரலைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் குற்றவாளி யார் என்று காட்டும். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது வைஃபை டிரைவர். டாஸ்க்பாரில் வைஃபையை அணைத்தால் போதாது, டிவைஸ் மேனேஜருக்குப் போய் டிசேபிள் செய்ய வேண்டும். ப்ளூடூத்தும் வெப்கேமும் அப்படியே. பதிவு சேமிக்கும் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

இன்டர்ஃபேஸ்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

லேப்டாப்பின் பக்கவாட்டு மைக் துளையில் நேராகச் செருகிப் பதிந்தால் கேட்பது பாட்டு பாதி, 'ஸ்ஸ்' பாதி. உள்ளே இருக்கும் மைக் பூஸ்ட்டை 20 அல்லது 30 டெசிபெல் ஏற்றினால் அந்த ஸ்ஸும் அதே அளவு ஏறும். வேறு வழியே இல்லை என்றால் பூஸ்ட்டை 10க்கு மேல் போகாமல், மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைத்துச் சமாளிக்கலாம்.

யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வந்துவிட்டால் கம்ப்யூட்டரின் வயது பற்றிய கவலையே பாதி தீர்ந்துவிடும். ஒலியை எண்ணாக மாற்றும் வேலை முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கிறது. கம்ப்யூட்டர் வெறும் கணக்குப்பிள்ளை, வந்ததை எழுதிவைக்கிறது. பெரிங்கர் யூஎம்2, யூஎம்சி22 போன்றவை 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும், பழைய யூஎஸ்பி போர்ட்டிலும் தகராறு செய்யாது. 24 பிட் வேண்டும் என்றால் யூஎம்சி202எச்டி அல்லது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ வகை. வாங்கும் முன் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று பாருங்கள். யூஎஸ்பி ஆடியோ 2 வகைக் கருவிகளை டிரைவரே இல்லாமல் ஏற்கும் வசதி விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில்தான் வந்தது; விண்டோஸ் 7இல் நிறுவனத்தின் டிரைவர் கட்டாயம். லினக்ஸும் பழைய மேக்கும் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களை நேரடியாகவே ஏற்கும்.

டெஸ்க்டாப்பில் முன்பக்க யூஎஸ்பி வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டிலேயே இருப்பதில் செருகுங்கள். ஹப் வழியாக வேண்டாம். கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2 மீட்டர் சரியான அளவு, லேப்டாப்பை மைக்கிலிருந்து தள்ளிவைக்க அது போதும்.

மைக்கில் எது? தெருப்பக்கம் ஜன்னல் உள்ள வீட்டில் கண்டென்சர் மைக் எதிர்வீட்டுக் குக்கர் விசில்வரை எடுக்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் கிட்டே இருப்பதை மட்டும் முக்கியமாக எடுக்கும். சத்தமான தெருவுக்கு டைனமிக், அமைதியான உள்ளறைக்கு கண்டென்சர். கண்டென்சருக்கு மைக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், இன்டர்ஃபேஸில் அந்த பட்டன் இருக்கிறதா பாருங்கள். வீணை, வயலினுக்குக் கண்டென்சர்தான் நியாயம் செய்யும்.

ஹம்மைப் பிடிப்பது

எல்லாம் மாட்டியாயிற்று, யாரும் பாடவில்லை, ஆனால் ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். வீட்டுப் பதிவுகளில் பாதி இங்கேதான் தோற்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளான 100, 150, 200உம் சேர்ந்ததுதான் இந்த ஹம். காரணத்தை ஒன்றொன்றாக நீக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். ஹம் நின்றுவிட்டால் தகராறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ. மைக்கின் உலோக உடம்பைத் தொட்டதும் ஹம் குறைகிறது என்றால் எர்த் ஒழுங்காக இல்லை என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மூன்று முள் பிளக் பாயின்ட்டில் அளக்கலாம், மின்சாரம் பழகியவராக இருந்தால் மட்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் அருகில், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் எர்த் துளை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. அப்படியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். ஹம் நிற்கிறது என்று சார்ஜரின் எர்த் முள்ளை ஒடித்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உதட்டருகே உலோக மைக்கை வைத்துப் பாடும் ஒருவரின் உயிரோடு விளையாடும் காரியம் அது.

லேப்டாப், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று பல கருவிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள். ஒன்று ஹாலிலிருந்தும் ஒன்று ரூமிலிருந்தும் எடுத்தால் இரண்டு எர்த்துக்கு நடுவே சுற்றுவட்டம் உண்டாகி அதுவே ஹம்மாகக் கேட்கும்.

பேட்டரியிலும் நிற்கவில்லை என்றால் காற்றில் வருகிறது. மின்விசிறியின் திருகு ரெகுலேட்டர் பழைய எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் பாதி வேகத்தில் வைக்கும்போது 'ஸ்ர்ர்' என்று கூர்மையான இரைச்சல் கிளப்பும். முழு வேகத்திலோ நிறுத்தியோ வைத்தால் போய்விடும். மலிவான எல்இடி பல்பும் இப்படிச் செய்யும், அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை இல்லாமல் ஸ்கொயர் வேவ் வகை என்றால், பவர் கட்டின்போது அதிலிருந்து சார்ஜர் ஓடக் கூடாது. பெங்களூர் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் கரண்ட் போன நேரம் ஒரு வகையில் நல்ல நேரம்: ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் நின்றிருக்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அந்த அமைதியை விட்டுவிடாதீர்கள்.

ஹம் இல்லாமல் மெல்லிய 'ஈஈ' என்ற கீச்சொலி வருகிறதா? அது யூஎஸ்பியிலிருந்து. யூஎஸ்பி தரவு நொடிக்கு 1,000 முறை அல்லது 8,000 முறை துடிக்கிறது. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸில் அந்தத் துடிப்பு ஒலியாகக் கசியும். வேறு போர்ட், குட்டையான கேபிள், அதுவும் போதாவிட்டால் தனி அடாப்டர் உள்ள ஹப். ஹப் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. 'டிடிட் டிடிட்' என்று வந்தால் அது பக்கத்தில் இருக்கும் மொபைல். ஃபிளைட் மோடில் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் 30 நொடி பதிந்து மீட்டரைப் பாருங்கள். பாடுவதற்கு வைத்த அதே கெயினில் (மைக் ஒலியை ஏற்றும் அளவில்) மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் நன்று, மைனஸ் 50 பரவாயில்லை. மைனஸ் 40 காட்டினால் பதிவைத் தொடங்காதீர்கள், தேடலைத் தொடருங்கள்.

பெங்களூர் அறையும் பெங்களூர் நேரமும்

இந்த ஊரில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பாட முடியாது. இங்கே ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களில் ஜன்னலையும் சாத்தி ஃபேனையும் நிறுத்தி இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஆனால் தெருச்சத்தம் அதற்கு ஈடு வாங்கிவிடும். அலசூர், இந்திரா நகர்ப் பக்கம் மேம்பாலத்தில் ஓடும் மெட்ரோ நின்ற பிறகும் விடியற்காலை தொடங்கும் முன்னும்தான் அமைதி. எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் 2008இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும், முருகேஷ்பாளையம், தொம்மலூர்ப் பகுதிகளில் பகலில் ஹெலிகாப்டர் சத்தம் இருக்கும். அபார்ட்மென்ட் என்றால் சம்ப் மோட்டார் எப்போது ஓடும் என்று வாட்ச்மேனிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். காலை நாலரை முதல் ஆறு வரை பாட்டுப் பயிற்சிக்கான சாதக நேரம் என்று பெரியவர்கள் வைத்தது பதிவுக்கும் பொருந்துகிறது.

அறையில் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒலி துள்ளினால் அது வெறும் சுவர்களுக்கு இடையே அடிபடுகிறது. இன்றைய ஃபிளாட்டுகளின் வழவழப்பான டைல்ஸ் தரைக்கு முதல் மருந்து ஜமக்காளம், அதன்மேல் இன்னொரு ஜமக்காளம். அடுத்தது பலர் தவறு செய்யும் இடம்: மெத்தையையோ ரஜாயையோ மைக்கின் பின்னால் தொங்கவிடுவார்கள். முன்பக்கத்து ஒலியை முக்கியமாக எடுக்கும் கார்டியாய்ட் மைக் பார்ப்பது பாடகரையும் பாடகரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். தொங்கவிட வேண்டியது அங்கேதான், பாடகரின் முதுகுப்பக்கம், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. அந்த இடைவெளி இருந்தால்தான் கீழ்க்குரலையும் உறிஞ்சும். முட்டை அட்டை ஒட்டுவதால் பயன் இல்லை; அது மேல் அதிர்வுகளை மட்டும் கொஞ்சம் தொட்டுவிட்டு அடிக்குரல் குழப்பத்தை அப்படியே விட்டுவிடும். பட்டும் பருத்தியும் அடுக்கிய புடவை பீரோவின் கதவைத் திறந்துவைப்பது அதைவிட நல்ல உறிஞ்சி. கதவு மூடிய வெறும் ஸ்டீல் பீரோவோ கூடவே பாடும், ஷோகேஸ் கண்ணாடியும் அப்படித்தான்.

பத்துக்குப் பத்தடி சதுர அறை என்றால் இன்னொரு கவனம். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 113 ஹெர்ட்ஸ் பக்கங்களில் ஒலி வீங்கும். மிருதங்கத்தின் இடப்பக்க முகமான தொப்பி ஒரேயடியாக 'பூம்' என்று கேட்பது இதனால்தான். நடுமத்தியிலும் மூலையிலும் உட்காராமல், சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் அடங்கும். மைக் ஸ்டாண்டின் காலடியில் மடித்த போர்வை வையுங்கள், பஸ் போகும் அதிர்வு தரை வழியே ஏறாது.

மைக்கை எங்கே வைப்பது

வாய்ப்பாட்டுக்கு டைனமிக் மைக் என்றால் நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை. கண்டென்சர் என்றால் ஒரு சாணுக்குக் குறையாமல். வாய்க்கு நேரே வைக்காமல், மூக்கு உயரத்தில் வைத்து உதட்டைப் பார்க்கச் சற்றுச் சாய்த்தால் ப, ப்ர ஒலிகளின் காற்று மைக்கில் மோதாது. தலையாட்டிப் பாடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கொடுங்கள். கிட்டே இருக்கும்போது இரண்டு அங்குலம் நகர்ந்தாலும் குரலின் கனமே மாறிவிடும்.

வீணைக்குக் குடத்தின் மேற்பலகையும் குதிரையும் தெரியும்படி 30, 40 சென்டிமீட்டர் தூரத்தில். குதிரைக்கு நேர் மேலே வைத்தால் மீட்டு நகத்தின் ஒலி மட்டும் தூக்கலாக வரும். வயலின் உட்கார்ந்து வாசிப்பதால் மேலிருந்து அரை மீட்டர் உயரத்தில், வில்லின் கைக்கு இடிக்காமல். புல்லாங்குழலுக்கு ஊதுதுளைக்கு நேரே வைக்கவே கூடாது, விரல்கள் பக்கம் பார்க்கட்டும். மிருதங்கத்துக்கு ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் எதிரே 60 சென்டிமீட்டரில், முட்டி உயரத்துக்குச் சற்று மேலே, வலந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவில். தொப்பி அமுங்கிக் கேட்டால் மைக்கை நாலு அங்குலம் அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மென்பொருளில் அடி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடுவதற்கு முன் நகர்த்திப் பார்ப்பதே வழி. தேவாலயப் பாட்டு, மெல்லிசைக்காரர்களுக்கு: கீபோர்டை மைக் வைத்துப் பிடிக்காதீர்கள், லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு நேரடியாகக் கேபிள் போடுங்கள்.

இருவர் ஒரே அறையில் வாசித்தால், ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஒலி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து, கலக்கும்போது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலியும். லேப்டாப் கண்டிப்பாக மைக்கின் முதுகுப்பக்கம். கார்டியாய்டுக்கு அந்தத் திசையில்தான் காது மந்தம்.

சுருதியும் சாம்பிள் ரேட்டும்

தம்பூரா ஆப்பை ஸ்பீக்கரில் போட்டுப் பாடாதீர்கள். அது குரல் டிராக்கிலேயே கலந்துவிட்டால் பிறகு ஒரு வரியைக்கூட வெட்டி ஒட்ட முடியாது, ஒவ்வொரு ஒட்டிலும் தம்பூரா துள்ளும். ஆப்பின் ஒலியை முதலில் பத்து நிமிஷம் தனி டிராக்காகப் பதிந்துவிட்டு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடுங்கள். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், கம்பியுள்ளது. ப்ளூடூத்தில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வரும், தாளம் நிற்காது.

சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளப்பது) 48 என்று முடிவு செய்தால் விண்டோஸ் சவுண்ட் அமைப்பு, இன்டர்ஃபேஸ் பேனல், மென்பொருள் மூன்றிலும் 48 இருக்க வேண்டும். 44.1இல் பதிந்ததை 48 என்று நினைத்து இயக்கினால் சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும்: 1 கட்டையில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியின் அளவு) பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் ஒலிப்பார். வேகமும் கூடும். பதிவு 'சற்று விறுவிறுப்பாக' வந்திருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாமல் தம்பூராவோடு ஒத்துப்பாருங்கள்.

யூஎஸ்பி மைக்கில் பதிந்து, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் கேட்பதும் ஆபத்து. இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுபவை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும், அரை மணி ராகம் தானம் பல்லவியில் 90 மில்லிசெகண்ட். பாட்டின் தொடக்கத்தில் மிருதங்கம் சரியாக இருந்து கடைசியில் தாளம் தப்பினால் வாசித்தவர் மேல் பழி போடாதீர்கள். கேட்பதும் பதிவதும் ஒரே இன்டர்ஃபேஸில் இருக்கட்டும்.

லெவல், பஃபர்

கெயின் வைக்கும்போது பலரும் மந்தமாக 'ச ரி க' பாடிக் காட்டுவார்கள். அப்படி வைத்த லெவல் தாரஸ்தாயியில் உடையும். பாட்டிலேயே உரத்த சங்கதியைப் பாடச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபெலில் நிற்கும்படி வையுங்கள். மிருதங்கத்துக்கு மைனஸ் 15. அதன் அடி மீட்டர் காட்டுவதைவிட வேகமானது, தனியாவர்த்தனத்தில் கை சூடேறினால் இன்னும் ஏறும். மீட்டரின் உச்சமான பூஜ்ஜியத்தைத் தொட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. 24 பிட்டில் சற்றுக் குறைவாகப் பதிந்தால் எந்த நஷ்டமும் இல்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

பஃபர்தான், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துக் கையாளும் இடம்தான், பழைய பெட்டியின் மூச்சு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. சிறிய பஃபரில் கம்ப்யூட்டருக்கு மூச்சுவிட நேரமில்லை, வெட்டு விழும். பெரிய பஃபரில் தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்து பாடகர் தடுமாறுவார். இதற்கு விடை இன்டர்ஃபேஸிலேயே இருக்கிறது: 'டைரக்ட் மானிட்டர்' பட்டன். அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். மென்பொருளில் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, பஃபரை 1024இல் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வருஷப் பெட்டியும் ஒரு வெட்டில்லாமல் பதியும். டைரக்ட் மானிட்டரையும் மென்பொருள் மானிட்டரிங்கையும் சேர்த்து வைத்தால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

ஒரு முறை மட்டும் ஒரு சோதனை செய்யுங்கள். 'டிக் டிக்' என்று ஒலிக்கும் கிளிக் டிராக்கை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிவைத்துப் பதியுங்கள். பதிந்த கிளிக் அசலுக்கு எத்தனை மில்லிசெகண்ட் பின்னால் விழுகிறது என்று அளந்து ஆடாசிட்டியில் தாமதத்தை ஈடுசெய்யும் லேட்டன்சி காம்பென்சேஷனைத் திருத்துங்கள். அதில் மைனஸ் 130 என்று இருந்து, கிளிக் இன்னும் 40 பின்தங்கினால் மைனஸ் 170 ஆக்குங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

முதல் பதிவில் பாட்டு இடது காதில் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒரு மைக்கை ஸ்டீரியோவாகப் பதிந்திருக்கிறீர்கள். டிராக்கைப் பிரித்து, இடதை மட்டும் மோனோவாக வைத்துக்கொள்ளலாம்.

பதிந்த பிறகு

எஃபெக்ட் எதுவும் போடாமல் பதியுங்கள், எல்லாம் பிறகுதான். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். மிருதங்கத்தில் அந்த வெட்டு எல்லையை 40க்கு மேல் ஏற்றினால் தொப்பி செத்துப்போகும். நாய்ஸ் ரிடக்ஷன் 6 டெசிபெல், அதிகபட்சம் 9. அதற்கு மேல் போனால் கமகத்தின் வால் தண்ணீருக்குள் பாடியதுபோல் குழையும். சுருதி திருத்தும் ஆட்டோட்யூனைக் கர்நாடக சங்கீதத்தில் தொடவே வேண்டாம். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பதுதான் தோடி, அதை நேராக்கினால் ராகமே போய்விடும்.

மிச்ச ஹம்மை ஃபில்டர் போட்டு எடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. 50, 100இல் நாட்ச் (ஒரே ஒரு அதிர்வை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. 150இல் போடும்போது, 2 கட்டையில் பாடும் ஆண்களின் மத்திய சட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். 5 கட்டைப் பெண் குரலின் சட்ஜம் 196. 200இல் போட்ட நாட்ச் அதையே தின்னும். ஹம்மை மூலத்திலேயே பிடியுங்கள் என்று இவ்வளவு நேரம் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

மிக்ஸிங்கில் பழைய பெட்டி திணறினால், முடித்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டு (எஃபெக்ட்டோடு சேர்த்து ஒலியாக உறையவைத்துவிட்டு) அடுத்ததற்குப் போங்கள். அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப்பை டிராக்குக்கு ஒன்றாகப் போடாமல் ஒன்றே ஒன்று போட்டு எல்லா டிராக்கையும் அதற்கு அனுப்புங்கள். பிராசஸருக்கும் சுலபம், எல்லோரும் ஒரே மேடையில் இருப்பதுபோலவும் கேட்கும். உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர் 2:1, மூன்று டெசிபெலுக்கு மேல் அமுக்காமல். இறுதி உச்சம் மைனஸ் 1.

சேமிப்பதில் கவனிக்க வேண்டியது: எஃப்ஏடி32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. இரண்டு டிராக் 24 பிட் பதிவு ஒரு மணிக்குச் சுமார் 1 ஜிபி, நாலு மணி ஓடவிட்டால் எல்லையைத் தொடும். பென்டிரைவுக்கு நேரடியாகப் பதியவே வேண்டாம். எஸ்எஸ்டியில் பதிந்து பிறகு நகலெடுங்கள். திருத்தாத மூல வேவ் ஃபைலை இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, ஃபைல் பெயரிலேயே தேதி, ராகம், கட்டை, சாம்பிள் ரேட் நான்கையும் எழுதிவிடுங்கள்.